இழையும் இழைப்பும்: கண்ணாடியில் ஒரு முகமும் ஒரு துளையும்

(கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். அன்று திரையில் காட்டிய படங்கள் இங்கே இல்லை. அவை சொன்னதை எழுத்தில் சேர்த்திருக்கிறேன். இடைப்பேச்சுகளைக் குறைத்திருக்கிறேன்.)

பேருந்து நிலையத்திலிருந்து என்னை அழைத்து வந்த தம்பி வழியில் ஒன்று கேட்டார்: “ஐயா, கல்வராயன் மலையடிவாரத்துக்கு வந்து எகிப்துக் கண்ணாடியைப் பற்றிப் பேசப்போகிறீர்களே, எங்களுக்கும் அதற்கும் என்ன?” நியாயமான கேள்விதான். இன்றைய பேச்சு முழுவதும் அவருக்கு நான் சொல்லும் விடை.

நியூயார்க்கில் உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும், அதே மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய கண்ணாடிச் சில்லுகள் இருக்கின்றன. கி.மு. முதல் நூற்றாண்டையும் கி.பி. முதல் நூற்றாண்டையும் ஒட்டி எகிப்தில் செய்தவை. ஏதோ ஒரு பெட்டியிலோ பலகையிலோ அலங்காரமாகப் பதிப்பதற்காகச் செய்தவை. சிலவற்றில் பூக்கள், சிலவற்றில் கிரேக்க நாடகத்தின் முகமூடிகள். அந்த முகமூடிச் சில்லுகளில் பல பாதி முகம்தான் காட்டும். ஒரு கண், ஒரு புருவம், பாதி மூக்கு, பாதி வாய். முதன்முதலில் பார்க்கிறவர் ‘பாவம், உடைந்துவிட்டது’ என்று நினைப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது பாதியாகவே செய்யப்பட்டது. ஏன் பாதி என்று தெரிந்துகொண்டால் இந்தக் கலையின் சூட்சுமம் முழுதும் பிடிபட்டுவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழங்காலக் கண்ணாடிக் கைவினையின் அறிவு, நாம் கண்டு வியக்கும் முகப்பில் இல்லை; கண்ணாடியை இழுத்த இழுப்பில் இருக்கிறது. எகிப்தின் பட்டறையில் ஒரு முகத்தை இழுத்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் நம் சோழமண்டலக் கடற்கரையில் ஒரு துளையை இழுத்தார்கள். இரண்டும் ஒரே அறிவின் இரண்டு பயன்கள். இதை ஒப்புக்கொண்டால், அருங்காட்சியகம் எதைக் காப்பாற்ற வேண்டும் என்ற கேள்விக்கும் நாம் வேறு விடை சொல்ல வேண்டியிருக்கும். ஏழு படிகளில் இதை விளக்குகிறேன்.

1. சொல்லிலிருந்து தொடங்குவோம்

மொசைக் என்றதும் நமக்கு நினைவு வருவது வீட்டுத் தரை. சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்து பாவி, காய்ந்தபின் மெஷின் வைத்துத் தேய்த்து மெருகேற்றும் தரை. பழைய கிறித்தவக் கோயில் சுவர்களில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கட்டிகளை வரிசையாக ஒட்டிப் படமாக்கியதும் மொசைக்தான். இரண்டிலும் பல துண்டுகள் சேர்ந்து ஒரு பரப்பாகின்றன.

நான் சொல்லும் மொசைக் கண்ணாடி இதற்கு நேர்மாறு. இங்கே ஒரே சில்லுக்குள் முழுப் படமும் அடங்கியிருக்கும். அதுவும் மேலே தீட்டிய படமாக இருக்காது. சில்லின் முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் வரை, உள்ளே ஊடுருவிச் செல்லும் படம். தேய்த்தாலும் அழியாது, இன்னும் கொஞ்சம் தேய்த்தாலும் அதே முகம்தான் தெரியும்.

இதற்குத் தமிழில் சொல் தேடியபோது எனக்கு அகப்பட்டது ‘இழை’. இழை என்றால் நூல். இழை என்றால் அணிகலனும்தான். ஆயிழை, நேரிழை என்று பெண்ணைச் சுட்டும் பழஞ்சொற்கள் அந்தப் பொருளில் வந்தவை. பொன்னிலும் மரத்திலும் மணியைப் பதிப்பதை ‘இழைத்தல்’ என்கிறோம். இந்த அவையில் உள்ள தச்சர்களுக்கோ இழைப்பு என்றால் இழைப்புளியால் சீவி வழவழப்பாக்குவது. நூல், நகை, பதித்தல், சீவுதல் என்று நான்கு பொருள். மொசைக் கண்ணாடிச் சில்லும் முதலில் நூல்போல் இழுபட்டு, பிறகு சில்லாக அறுபட்டு, பதிக்கப்பட்டு, தேய்த்து மெருகேறி நகையாகிறது. இது சொல்லாராய்ச்சிச் சான்று என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒரு தொழிலின் எல்லாப் படிகளையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மொழியில் அந்தத் தொழிலைப் பேசுவது எளிது.

2. முகத்தை இழுத்த விதம்

திருவிழாக் கடைகளில் ஜவ்வு மிட்டாய் விற்பவரைப் பார்த்திருப்பீர்கள். மூங்கில் கழி உச்சியில் தடியாகச் சுற்றிய மிட்டாய். அதில் ரோஜா நிறமும் வெள்ளையும் வரிவரியாக ஓடும். அவர் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார். தடிமன் குறைகிறது, வரி மட்டும் கலையவில்லை. தடியில் எத்தனை வரி இருந்ததோ அத்தனையும் நூல்போன்ற இழையிலும் இருக்கும். குழந்தையின் மணிக்கட்டில் அது கடிகாரமாகிறது. மொசைக் கண்ணாடியின் இயற்பியல் இவ்வளவுதான்.

பட்டறையில் செய்தது இது. பல நிறக் கண்ணாடிகளை மெல்லிய கோல்களாகவும் பட்டைகளாகவும் செய்துகொண்டார்கள். கண்ணை முதலில் தனியே கட்டினார்கள்: நடுவில் கருங்கோல், சுற்றி வெள்ளை, அதைச் சுற்றி மெல்லிய கருவரி. அதைச் சூடாக்கி இழுத்தால் கண் ஒரு கோலாகிவிடும். சுருள்முடிக்கும் தலைமாலைப் பூவுக்கும் இப்படியே தனித்தனிக் கோல்கள். பிறகு இவற்றையெல்லாம் முகத்தின் தோல்நிறக் கண்ணாடியோடு சேர்த்து, விறகுக்கட்டுபோல் அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டும்வரை சூடாக்கினார்கள். கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்தால் முகம் தெரியும், ஆனால் பெரிதாக, முரட்டுத்தனமாக. இப்போது இரு முனையையும் பிடித்து இழுத்தார்கள்.

இழுக்க இழுக்க முகம் சுருங்கும். ஆனால் கண் கண்ணிருந்த இடத்திலேயே இருக்கும், வாய் வாயிருந்த இடத்திலேயே இருக்கும். கணக்குப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வரி: கண்ணாடியின் கன அளவு மாறாது என்பதால், அகலம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் நீளம் நூறு மடங்காகும். ஒரு சாண் கட்டை நூறு சாண் கோலாகும். கையால் தீட்டவே முடியாத நுண்மையான இமைமயிர் வரி இப்படித்தான் வந்தது. யாரும் அதை நுண்மையாக வரையவில்லை. பெரிதாக அடுக்கினார்கள், இழுப்பு அதை நுண்மையாக்கியது.

இனி அந்தப் பாதி முகம். கோலை வெங்காயம் அரிவதுபோல் அரிந்தால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரே பாதி முகம் வரும். படம் ஊடுருவிச் செல்வதால், ஒரு வில்லையைப் புரட்டிப் போட்டால் அதன் மறுபக்கத்தில் அதே பாதி முகம் இடவலம் மாறித் தெரியும். அடுத்தடுத்து அறுத்த இரண்டு வில்லைகளை எடுத்து, ஒன்றைப் புரட்டி, புத்தகத்தை விரிப்பதுபோல் பக்கத்தில் வைத்தால் முழு முகம். பாதி உழைப்பில் முழு முகம். இரு கண்ணும் அணுவளவும் பிசகாமல் ஒத்திருக்கும்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கலைஞர்கள் முன்னால் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. மரத்தில் நூறு விநாயகர் வேண்டுமென்றால் நூறு முறை செதுக்க வேண்டும். நூறிலும் கை மாறும், அதுதான் அதன் அழகு. கண்ணாடிக்காரர் ஒருமுறைதான் முகத்தை அமைக்கிறார். அதன்பின் அவருக்கு வேண்டியது அரிவாள்மணைக்காரரின் பொறுமை. ஒரே கோலிலிருந்து அறுத்த உடன்பிறப்புச் சில்லுகள் இன்று வெவ்வேறு சேகரிப்புகளில் இருக்கின்றன.

3. பலகை போயிற்று, சில்லு நின்றது

எகிப்தில் கண்ணாடியைப் பதிக்கும் வழக்கம் இந்தச் சில்லுகளுக்கு மிக முந்தியது. 1922-இல் கல்லறை திறக்கப்பட்ட துட்டன்காமனின் பொன்முகமூடியை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். தலையணியில் உள்ள நீலப் பட்டைகள் கண்ணாடி. கி.மு. 14-ஆம் நூற்றாண்டு வேலை அது. ஒரே நிறக் கண்ணாடியை வடிவாக வெட்டிப் பதித்த அந்த மரபு, பல நூற்றாண்டுகள் கழித்துப் படமே உள்ளோடும் சில்லாக வளர்ந்தது.

மரத்தில் பதித்தவை என்பதால் இந்தச் சில்லுகளுக்கு ஒரு துயரம் நேர்ந்தது. மரம் மக்கியது, சில்லு உதிர்ந்தது. தாடை போய்ப் பல் மட்டும் கிடைத்த கதை. போதாக்குறைக்கு, உலக அருங்காட்சியகங்களில் உள்ளவற்றில் பல, 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் எந்த ஊர், எந்தக் குழி என்ற விவரமே இல்லாமல் வணிகர் கைமாறி வந்தவை. எப்படிச் செய்தார்கள் என்பதைச் சில்லே சொல்லிவிடுகிறது. எந்தப் பெட்டியில் எந்த வரிசையில் பதித்தார்கள் என்பதைச் சொல்ல இடம் வேண்டும். அந்த இடம் போய்விட்டது. இதைக் கடைசியில் மீண்டும் எடுக்கிறேன்.

4. துளையை இழுத்தவர்கள்

இப்போது நம் கரைக்கு வருவோம். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என மூன்று தலைமுறை ஆய்வாளர்கள் அங்கே அகழ்ந்தார்கள். வீலர் தேடியது ரோமானியப் பானை ஓடுகளை; அவற்றைக் கொண்டு காலத்தைக் கணித்தார். அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகளுக்கு உலக வரலாற்றில் உரிய இடத்தை வாங்கித் தந்தவர் மணி ஆய்வாளரான பீட்டர் பிரான்சிஸ். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாகக் கொரியா, சப்பான் வரை கிடைக்கும் சிறு ஒற்றைநிற மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்தவரும் அவரே.

கடலூரை அடுத்த காரைக்காடு, பரங்கிப்பேட்டைப் பக்கமுள்ள மணிக்கொல்லை, பழனி மலையடிவாரத்துப் பொருந்தல் ஆகியவையும் இந்த வரிசையில் வருகின்றன. பொருந்தலில் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில் மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அங்கே ஓர் ஈமக்குழியில் மணிகளோடு ஒரு சாடி நெல்லும் வைத்திருந்தார்கள். நெல்மணி, கண்ணாடி மணி இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழி நம்முடையது. இரண்டையும் ஒரே குழியில் வைத்தவர்களும் நம் மண்ணின் மக்கள்.

இந்த மணிகள் கடுகளவு, மிஞ்சினால் உளுந்தளவு. அவ்வளவு சிறிய மணிக்கு எதைக் கொண்டு துளையிட்டார்கள்? துளையிடவே இல்லை. உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, அதன் நடுவே காற்றுக்கு இடம் வைத்து, நுனியைக் கொக்கியால் பற்றி இழுத்தார்கள். கூம்பு குழலாக நீண்டது. உள்ளிருந்த பெரிய பொந்து ஊசித்துளையாகச் சுருங்கியது. குழல் ஆறியபின் அதைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாமலிருக்கச் சாம்பலோடு சேர்த்துச் சட்டியில் சூடாக்கினார்கள். கூர்விளிம்பு மழுங்கி மணி உருண்டது. ஆந்திரத்தில் ரேணிகுண்டாவை அடுத்த பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை 20-ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்தது. ஒருவர் உலையில் கூம்பைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். எதிரே ஒருவர் கைமாற்றிக் கைமாற்றிக் குழலை இழுத்துக்கொண்டே இருப்பார். பிரான்சிஸ் அதைப் பார்த்துத்தான் அரிக்கமேட்டின் உடைந்த குழல்கள் என்ன என்பதை விளக்கினார்.

மாணவர்கள் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் இதைத் தாங்களே சோதிக்கலாம். இழுத்துச் செய்த மணியில் காற்றுக்குமிழிகள் துளையோடு சேர்ந்து ஒரே திசையில் நீண்டிருக்கும். கம்பியில் சுற்றிச் செய்த மணியில் அவை துளையை வளையமாகச் சுற்றி ஓடும். ஒரு குமிழி போதும், அந்தக் கைவினைஞரின் கை எந்தப் பக்கம் போயிற்று என்று சொல்ல.

எகிப்தியர் வெட்டுமுகத்தில் ஒரு முகத்தை வைத்து இழுத்தார்கள். நம்மவர் வெட்டுமுகத்தில் வெறுமையை வைத்து இழுத்தார்கள். இரண்டும் சுருங்கியும் சிதையவில்லை. ‘யாரிடமிருந்து யார் கற்றார்?’ என்று மேடைக்கு மேடை கேட்கப்படுகிறது. எனக்கு அது இரண்டாவது கேள்வி. கண்ணாடி இழுபடும்போது தன் அமைப்பை மறப்பதில்லை என்பதைக் கண்டுகொண்ட இரண்டு பட்டறைகள் இருந்தன என்பதே முதல் செய்தி.

5. மண் சொல்லும் சாட்சி

கண்ணாடிக்கு வேண்டியது மணலும், அதை உருக வைக்கும் காரமும். மத்தியதரைக்கடல் பட்டறைகள் கெய்ரோவின் வடமேற்கே வாதி நத்ருன் ஏரிகளில் படியும் நேட்ரான் உப்பைக் காரமாகப் பயன்படுத்தின. அந்தக் கண்ணாடியில் அலுமினா 2, 3 விழுக்காடு அளவில் இருக்கும். தென்னிந்தியாவும் இலங்கையும் செய்த சோடாக் கண்ணாடியில் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். காரணம், நம் மணல் கருங்கற்பாறைகள் சிதைந்து வந்த மணல். பாறையின் அலுமினா அதோடு சேர்ந்தே வருகிறது. காரம், நம் ஊர்களில் சலவைக்குப் பயன்பட்ட உவர்மண் போன்ற மண்ணிலிருந்து வந்தது. இலங்கையின் கிரிபாவாவில் இத்தகைய கண்ணாடியைக் காய்ச்சிய உலைகளே கிடைத்திருக்கின்றன.

சரக்கு ஒருவழிப் பாதையில் மட்டும் போகவில்லை. ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்க நூல், முசிறித் துறைக்கு மேற்கிலிருந்து வந்த சரக்குகளில் வேலைப்பாடு செய்யாத கச்சாக் கண்ணாடியையும் சேர்க்கிறது. கி.பி. 79-இல் இறந்த ரோமானியர் பிளினியோ, இந்தியர் உடைந்த படிகத்திலிருந்து கண்ணாடி செய்வதாகவும் அதற்கு ஈடில்லை என்றும் கேள்விப்பட்டதை எழுதிவைத்தார். செய்முறை பற்றி அவர் கேட்டது எப்படியிருந்தாலும், நம் கண்ணாடியின் புகழ் ரோம் வரை எட்டியிருந்தது. ரோமின் பொற்காசுகள் இந்த மாவட்டத்துத் திருக்கோவிலூர் வரை வந்து புதையலாகக் கிடந்தன.

என்னை அழைத்து வந்த தம்பிக்கு இங்கேதான் விடை. கல்வராயன் மலையில் பிறக்கும் ஆற்றின் பெயர் என்ன? மணிமுத்தாறு, மணிமுக்தா என்றும் சொல்கிறோம். சூளாங்குறிச்சியில் அணை கட்டி நாம் நிறுத்தியிருக்கும் அந்தத் தண்ணீர், விருத்தாசலம் கடந்து வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அதே பரங்கிப்பேட்டைப் பக்கத்தில்தான் மணிக்கொல்லை. இங்கே மழைக்குக் கரையும் பாறைத்துகள், மணி செய்த கரை வரை ஆற்றோடு போகிறது. அந்த மணிகளுக்கு எந்த ஆற்று மணல் போயிற்று என்பதை ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மலையடிவாரத்தில் ஒரு கைப்பிடி, ஆற்றின் நடுவில் ஒரு கைப்பிடி, முகத்துவாரத்தில் ஒரு கைப்பிடி. அதோடு மணிக்கொல்லையின் ஓர் உடைந்த குழல். முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர் இந்த அவையில் இருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

6. முகமும் துளையும் சந்தித்த இடம்

கொரியாவின் பழைய சில்லா அரசின் தலைநகர் கியோங்ஜு. அங்கே மிச்சு அரசரின் கல்லறை இருக்கும் வட்டாரத்தில் 1973-இல் ஒரு மணிமாலை கிடைத்தது. அதன் நடுவில் ஒரு நீலக் கண்ணாடி மணி. அதற்குள் மனித முகங்கள், வெள்ளைப் பறவைகள். முகச் சில்லுகளை மணியின் உடலில் பதித்துச் செய்தது. கிழக்குச் சாவகத்தில் செய்து கடல்வழி போனது என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். கொரியக் கல்லறைகளில் இழுத்துச் செய்த இந்தோ-பசிபிக் மணிகளும் ஏராளம். சுண்டுவிரல் நுனி அளவான அந்த நீல மணியில் ஊடுருவும் படம் ஒன்று, ஊடுருவும் துளை ஒன்று. நான் இவ்வளவு நேரம் சொன்ன இரண்டும் அந்த ஒரே பொருளில் இருக்கின்றன. கொரிய அரசு அதை அரும்பொருளாகப் பட்டியலிட்டுப் போற்றுகிறது.

7. கழிவைக் காப்பாற்றுங்கள்

இப்போது அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். நம் காட்சிப் பேழைகளில் மணிகளைக் கோத்து மாலையாக வைக்கிறோம். பார்க்க அழகுதான். ஆனால் தேர்ந்த மணி எந்தக் கடையிலிருந்தும் எந்த ஊருக்கும் போயிருக்கும். அது தன்னை அணிந்தவரைப் பற்றிச் சொல்லும்; செய்த இடத்தைச் சொல்லாது. செய்த இடத்தைச் சொல்வது கழிவு மட்டுமே. வளைந்துபோன குழல், துளை அடைபட்ட மணி, இரண்டு ஒட்டிக்கொண்ட மணி, உலையின் அடியில் வழிந்து இறுகிய கட்டி ஆகியவற்றை யாரும் விலைகொடுத்து வாங்கி ஊர்விட்டு ஊர் கொண்டுபோக மாட்டார்கள். அவை கிடக்கும் இடமே பட்டறை. எகிப்தியச் சில்லிலும் அப்படித்தான்: பாதி முகம் நமக்குச் சொன்ன பாடத்தை ஒரு முழு முகம் சொல்லியிருக்காது.

ஆகவே அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மணிமாலைக்கும் பக்கத்தில் ஓர் உடைந்த குழலை வையுங்கள். கீழே நாலு வரியில் அது எப்படி இழுபட்டது என்று எழுதுங்கள். பிள்ளைகள் அந்தக் குழல் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தென்பெண்ணை, கோமுகி, மணிமுத்தாற்றுக் கரை மேடுகளில் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் மழை அரித்தபின்னும் சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு துணுக்கு கண்ணில் படலாம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைப்பது பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஒரு மணியின் பெறுமதி ரூபாயில் இல்லை, அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எகிப்தியச் சில்லுகள் இழந்தது அதைத்தான். எனவே கிடைத்ததைத் தேய்த்துக் கழுவாதீர்கள், நூலில் கோக்காதீர்கள், விற்காதீர்கள். ஒரு தாளில் ஊர்ப்பெயர், நிலத்தின் பெயர், எவ்வளவு ஆழம், என்று கிடைத்தது என்ற நான்கையும் எழுதி, அந்தத் தாளிலேயே அதைப் பொதிந்து, உங்கள் வரலாற்று ஆசிரியரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஒப்படையுங்கள். நல்ல மணி கிடைத்தால் மகிழ்ச்சி. கோணல் மணி கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த பேருந்தில் வருகிறேன்.